பாதை போயிட்டு

படுவான்கரையில் எனக்கு முதன்முதலாக வாய்த்த சொத்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். நான் தங்கியிருந்த வீட்டம்மாவின் மகளுடையது. மகள் கத்தாருக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சைக்கிள் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. கம்பெனிப் பெயர் உரிந்துபோய், பெல்லுக்கு மூடி இல்லாமல், கரியரில் யாரோ சுற்றிவைத்த ரப்பர் டியூப் மட்டும் இறுக்கமாக இருந்தது. "பின் பிரேக் கொஞ்சம் சொல்வழி கேக்காது மகள். முன் பிரேக்கப் பார்த்துப் பிடிங்க" என்று எச்சரித்துத்தான் கொடுத்தார். ஆகவே பிறகு நடந்ததற்கு அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிரேக்கையும் நான் குறை சொல்லப் போவதில்லை. என்னை மட்டக்களப்பு வாவிக்குள் இறக்கியது ஒரு தமிழ்ச் சொல்.

சைக்கிள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பரம்பரைத் திமிர் உண்டு. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, 1991-92-இல், அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அம்மா அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பள்ளிக்கூடத் திடலில் வாடகைச் சைக்கிள், கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகல், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஒரு அத்தை. இரண்டாம் நாள் வேலிமுள்ளில் போய் விழுந்த தழும்பு அம்மாவின் முழங்கையில் இன்றைக்கும் இருக்கிறது. "விழாம கத்துக்கிட்டவ எவடி இருக்கா?" என்பார். அந்த அம்மாவின் மகள் நான். ஒரு பிரேக் ஒழுங்காக இருந்தால் போதாதா?

2018 சித்திரையில் நான் அங்கே போனது கண்ணகிக்காக. மதுரையை எரித்தபின் அவள் கோபம் எப்படி ஆறியது என்று நம் பக்கம் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. மட்டக்களப்பில் வருடா வருடம் அவளைக் குளிரவைக்கிறார்கள். வைகாசி பிறந்தால் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் கதவு திறக்கும். கண்ணகி வழக்குரை படிப்பார்கள். கடைசியில் குளிர்த்திப் பாட்டோடு சடங்கு முடியும். வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964-இல் வந்த புத்தகம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய அதன் பிரதி ஒன்றுதான் என்னை அந்த ஊர்வரை இழுத்துக்கொண்டு போனது. வைகாசிக்கு முன்பே போய்ச் சேர்ந்து, பாட்டுத் தெரிந்த கிழவிகளைத் தேடிப் பிடித்துப் பதிவுசெய்வது என் திட்டம். தங்கியது மண்டூருக்கு அடுத்த ஒரு சிற்றூரில்.

கரைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாவி வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். அதற்கும் கடலுக்கும் நடுவே நாடா மாதிரி ஒரு மணல் நிலம். நெடுஞ்சாலை, கடைத்தெரு, வங்கி, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நாடாவில். சூரியன் எழுகிற பக்கம் என்பதால் அது எழுவான்கரை. மேற்கே சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. வயலும் மாட்டுப் பட்டியும் குளங்களும் யானையும் இங்கே. ஒரு மாவட்டத்தின் நிலவியலை, பொருளாதாரத்தை, யாருக்கு ஆஸ்பத்திரி பக்கம் யாருக்குத் தூரம் என்பதை, இரண்டு சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

இவ்வளவு அழகாகப் பெயர் வைக்கிறவர்கள் பேச்சில் எனக்கு வைத்த கண்ணிகளும் கொஞ்சமல்ல. வந்த முதல் நாள் வாசலில் ஒருவர் வீட்டம்மாவிடம், "போடி வாறார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் போடி என்றால் அது சண்டைக்கு முதல் வார்த்தை. இல்லையென்றால் உயிர்த்தோழியின் செல்லம். இங்கே போடியார் என்றால் நிலபுலம் உள்ள பெரிய மனிதர். வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். திரும்புவதைக் கிறுகுவது என்கிறார்கள். 'ஒண்ணா' என்றால் சேர்ந்து என்று அர்த்தமில்லை, முடியாது என்று அர்த்தம். "நாளைக்கு வர ஒண்ணா" என்று ஒரு பாட்டி சொன்னதை, நாளைக்கு ஒன்றாக வரலாம் என்று எடுத்துக்கொண்டு கோயிலடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ஐந்தாம் நாளுக்குள் இத்தனையும் கற்றுக்கொண்டுவிட்டேன், இனிமேல் என்ன என்று ஒரு தைரியம் வந்திருந்தது. ஆறாம் நாள் விழுந்தேன்.

அன்றைக்கு ரெக்கார்டருக்குப் பேட்டரியும் இரண்டு நோட்டும் வாங்கக் களுவாஞ்சிகுடிக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் பட்டிருப்புப் பாலம் வழியாக, எதிர்வெயிலில், சைக்கிளிலேயே போய்விட்டேன். அறுவடை முடிந்த வட்டை, வரம்போரம் கொக்குகள், கரியரில் தயிர்ச் சட்டி அடுக்கிக்கொண்டு போகிறவர்கள். எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. என்னைத் தாண்டிப் போனவர்களில் பாதிப்பேர் பெண்கள். வெள்ளைச் சீருடையில் மாணவிகள், மடியில் பிள்ளையை வைத்துக்கட்டிய தாய், வெற்றிலை போட்டபடி ஓட்டிய ஓர் ஆச்சி. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரு இயக்கமும் கலெக்டரும் தேவைப்பட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் திமிரில் கொஞ்சம் அங்கேயே கழன்றுவிட்டது.

கடைத்தெருவில் சாமான் வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மணி நாலரை. வீட்டம்மா ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்: ஆறு மணிக்கு முன்னால் வந்துவிட வேண்டும், இருட்டினால் ஆனை இறங்கும். வந்த வழியே சுற்றிப் போனால் நேரம் போதாது. கடைக்காரரிடம் மண்டூருக்குக் குறுக்குவழி கேட்டேன்.

"குருமண்வெளித் துறையடிக்குப் போங்க. பாதையில ஏறினா மறுகா மண்டூர்தானே" என்றார்.

பாதையில் ஏறுவது. இதில் என்ன சந்தேகம் வரும்? பாலத்துக்கு ஏறுகிற மேட்டுச்சாலை ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். குருமண்வெளிக்குள் நுழைந்ததும் குழாயடியில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டேன். "நேரா போய்க் கிறுகுங்க மகள். இப்ப பாதை நிக்கும்." நிற்கும் என்றால் இருக்கும் என்று பொருள் போலும் என்று நானே ஒரு உரை எழுதிக்கொண்டேன். கடைசித் திருப்பத்தில் ஒரு பையன், என்னைப் பார்த்த உடனே, கேட்காமலே கத்தினான்: "கெதியாப் போங்க அக்கா, பாதை வெளிக்கிடப் போகுது!"

கெதி என்றால் வேகம், அது தெரியும். வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. அது அன்றைக்குத் தெரியாது. வெளிச்சம் கெடப் போகிறது என்றுதான் என் காதில் விழுந்தது. எவ்வளவு அக்கறையுள்ள பிள்ளை, இருட்டுவதற்குள் என்னைப் போய்ச் சேரச் சொல்கிறது என்று நெகிழ்ந்துபோய், பையனுக்குக் கையை ஆட்டிவிட்டு, எழுந்து நின்று மிதித்தேன்.

தெரு சரிந்து இறங்கியது. முன்னால் ஒரு கொங்கிரீட் சரிவு. அதன் முடிவில் இரண்டு ஆள் தூரத்தில், மோட்டார் சைக்கிள்களும் மனிதர்களும் நின்றபடி, கம்பி கட்டிய ஒரு பெரிய பலகைத் தளம் தண்ணீரில் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்:

"பாதை போயிட்டு! பாதை போயிட்டு!"

இதை எழுத்தில் விளக்குவது கஷ்டம். ஆனால் நடந்தது இதுதான். 'போயிட்டு' என்பது நமக்கு முடியாத வாக்கியம். கடைக்குப் போயிட்டு வந்தேன், ஊருக்குப் போயிட்டு வர்றேன். அதற்குப் பிறகு ஒரு வினை வந்தே ஆக வேண்டும். அந்த மனிதர் மீதியைச் சொல்வார் என்று என் மூளை அரை நொடி காத்திருந்தது. மட்டக்களப்பில் போயிட்டு என்றால் போய்விட்டது. வாக்கியம் அங்கேயே முடிந்தது. நான் பிரேக்கைப் பிடித்தபோது சரிவின் பாசிப் பகுதிக்கு வந்துவிட்டிருந்தேன். பின் பிரேக் சொல்வழி கேட்கவில்லை. முன் பிரேக் கேட்டது, அதுதான் வினை. முன்சக்கரம் நிற்க, பாசியில் பின்சக்கரம் பக்கவாட்டில் ஓட, நானும் சைக்கிளும் பேட்டரியும் தனித்தனியாக வாவிக்குள் போனோம்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. கோடையில் வாவி பல இடங்களில் ஆளுயரம்கூட இருக்காது. நான் விழுந்த இடத்தில் இடுப்பளவு. அடியில் சேறு, தண்ணீர் வெதுவெதுப்பு, வாய்க்குள் போன மடக்கு அரை உப்பு. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்பார்கள். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்தால் இசை கேட்கும் என்பார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947-இல் வெளியிட்ட தம் யாழ்நூலில் அந்தப் பாட்டையும் விடவில்லை. நான் தலையையே விட்டுப் பார்த்தேன். ஒரு மீனும் பாடவில்லை. சாயங்காலம் என்பதால் இருக்கலாம்.

தளம் நின்றது. பின்னுக்கு வந்தது. மூன்று பேர் குதித்தார்கள். ஒருவர் என்னை, இருவர் சைக்கிளை. ஒரு ஆச்சி மேலிருந்து, "கெதியா ஏறு மனே, முதல கிடக்கும்" என்றார். முதலை இருக்கிறது என்பதை ஏறிய பிறகு சொல்லியிருக்கலாம். அடுத்த இரண்டு நொடியில் நான் பலகைமேல் இருந்தேன்.

தளத்தை ஓட்டுகிறவர், கையைத் தூக்கிக் கத்தியவரும் அவரே, என் முன்னால் வந்து குந்தினார். "பாதை போயிட்டு எண்டு அவ்வளவு கத்தினனே மனே. கேக்கல்லியா?"

"கேட்டுச்சு. எங்கண்ணே பாதை? எனக்குத் தண்ணிதான் தெரிஞ்சுது."

அவர் தன் காலடிப் பலகையைத் தட்டிக் காட்டினார். "இதுதான் பாதை."

எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. எல்லோருக்கும் விளங்க அதைவிடக் குறைவாகவே எடுத்தது. மிதவைகளின்மேல் பலகை அடித்து, ஓரத்தில் கம்பி கட்டி, எஞ்சின் பூட்டி, ஆளையும் வண்டியையும் கரை கடத்துகிற இந்தத் தெப்பத்துக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். கடைக்காரர் சொன்ன ஏறுவது, குழாயடி அம்மா சொன்ன நிற்பது, பையன் சொன்ன வெளிக்கிடுவது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒருவரும் தப்பாகச் சொல்லவில்லை. முதலில் சிரித்தது அந்த ஆச்சி. பிறகு பாதையே சிரித்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தயிர்க்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

நோட்டு இரண்டும் ஊறிவிட்டன. நல்லவேளை, வெறும் நோட்டு. பேட்டரியை ஒரு பையன் முங்கி எடுத்துக் கொண்டுவந்தான். ஆச்சி அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத இப்பிடிக் கொண்டு போறாய். அந்த நாளையில இதோட துறையில ஏறினா உன்ன விடுவானா?" என்றார். போர்க்காலத்தில் எழுவான்கரை அரசின் கையிலும் படுவான்கரை புலிகள் கையிலுமாக இருந்தது. 2007-இல்தான் முழுதும் இராணுவத்தின் கைக்குப் போனது. அதுவரை இந்த வாவி ஒரு எல்லைக்கோடு. துறைகளில் சோதனைச் சாவடி. பையை அவிழ்த்துக் காட்டி, அட்டையைக் காட்டி, எதற்குப் போகிறாய், எப்போது வருவாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி ஏற வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் 1987-இலும் 1991-இலும் நடந்த படுகொலைகளைப் பற்றி நான் படித்திருந்தேன். ஆச்சி அதைப் பற்றிப் பேசவில்லை. பேட்டரியைப் பற்றி மட்டும் பேசினார். தன் சேலைத் தலைப்பில் ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணி, என் கையில் வைத்தார். எட்டு.

மண்டூர்த் துறையில் இறங்கியபோது வெளிச்சம் உண்மையாகவே கெடத் தொடங்கியிருந்தது. காசை வாங்க மறுத்துவிட்டார்கள். "நீ பாதையில ஏறல்லியே மனே, பாதைதானே உன்ன ஏத்தினது" என்றார் ஓட்டுகிறவர். சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற மண்டூர் முருகன் கோயிலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பூசை செய்கிற கப்புகனார் வாயை வெள்ளைத்துணியால் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் பூசை செய்வார். அன்றைக்கு எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் ஊர் வாயைக் கட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை சைக்கிளைத் திருத்தக் கொண்டுபோனபோது, கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்து, "தண்ணிக்க போனது இதுதானா?" என்றார். தென்னோலை இறக்கிய சின்னக் கடை. பின்சுவரில் பழைய டயர்கள். "உப்புத் தண்ணி கண்ட சைக்கிள அப்பிடியே வைக்க ஒண்ணா" என்று சொல்லிக்கொண்டே முதலில் நாலு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். இரவே ஊற்றியிருக்க வேண்டுமாம். வெளியில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி அச்சை உருவியதும் உள்ளே இருந்த கிரீஸ் வெளுத்து, மணல் கலந்து, தயிர் போலத் திரைந்திருந்தது. வெட்டிய பிளாஸ்டிக் கேனில் மண்ணெண்ணெய் ஊற்றி, குண்டுகளை அதில் போட்டு அலசினார். பக்கத்துக்கு ஒன்பது, மொத்தம் பதினெட்டு. ஒவ்வொன்றையும் விரல் நுனியில் உருட்டிப் பார்த்து, வெயிலில் பிடித்து, சொரசொரப்பான இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக இரண்டு எடுத்தார். கிண்ணத்தில் புதுக் கிரீஸைத் தடவி அதில் குண்டுகளை அவர் பதித்த விதம், வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் துண்டுகளை அடுக்குகிற மாதிரி இருந்தது. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். கடைசியில், யாரும் கேட்காமலே, பின் பிரேக்கின் கட்டைகளை மாற்றினார்.

"இனிக் கேக்கும்" என்றார்.

வைகாசி முடியும்வரை நான் பத்துப் பன்னிரண்டு தடவையாவது பாதையில் போனேன். தண்ணிக்க போன அக்கா என்றால் இரண்டு கரையிலும் தெரியும். அந்தப் பெயரால் ஒரு நன்மை: பாட்டுத் தெரிந்த ஆச்சிகள், முன்பு "ஒண்ணா" என்றவர்கள்கூட, கதையை என் வாயால் கேட்பதற்காகவே வரச் சொன்னார்கள். கதைக்கு ஒரு பாட்டு என்று கணக்கு. 'போயிட்டு' என்று நான் நிறுத்துகிற இடத்தில் தவறாமல் சிரிப்பு வரும். பிறகு குரலைச் செருமிக்கொண்டு குளிர்த்தி பாடுவார்கள்.

ஊருக்குத் திரும்பி இதை நண்பர்களிடம் சொன்னால், எல்லோரும் அந்தச் சொல்லில் மயங்கிவிடுகிறார்கள். மிதக்கிற பாதை, என்ன கவித்துவம் என்கிறார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். பாதை இரவில் ஓடாது. காற்று பெலத்தால் ஓடாது. எஞ்சின் பழுதானால் ஓடாது. மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் துறையைத் தாண்டினால் ஓடாது. நடுராத்திரி வயிற்றுவலி கண்ட பெண்ணைக் கொண்டுபோக வேண்டுமென்றால், எதிர்க்கரையின் விளக்கு கண்ணுக்குத் தெரிய, பட்டிருப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். என் வீட்டம்மாவின் மகள் பிறந்தது அப்படி ஒரு சுற்றுவழியில், மாட்டு வண்டியில். வடக்கே மண்முனையிலும் முன்பு பாதைதான். ஜப்பான் உதவியில் கட்டிய பாலம் 2014-இல் திறந்த பிறகு அங்கே யாரும் பாதைக்காகக் காத்து நிற்பதில்லை. பாதைக்காக ஏங்குவதாகவும் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லை அகராதிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்தத் துறைக்கு வேண்டியது பாலம்தான்.

நான் கிளம்பிய நாளில் பாதைதான் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளை வீட்டம்மாவிடம் ஒப்படைத்தேன். பெல்லுக்கு மூடி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.